பழஞ்சீன நாகரிகமும் அதன் ஏட்டுச் செல்வமும்

மக்கள் வாழ்வு செம்மையுற்று ஓங்கிய இடங்களுள் ஆற்றங்கரைகளே தலைசிறந்தன என்பது வரலாற்று நூலார் கண்ட உண்மையாகும். நைல் நதி எகிப்து நாட்டையும், யூப்பிரத்தீசு, தைகிரிசு என்னும் இரட்டையாறுகள் சுமேரிய நாட்டையும், சிந்து நதி அரப்பா, மொகஞ்சதாரோ முதலிய நகரங்களையும் வளர்த்தன. அவ்வாறே மஞ்சள் நிற வண்டலைச் சுமந்து செல்லும் ஹுவாங்கோ ஆறு சீன நாகரிகத்தை வளர்த்தது.

ஆயின், இந்நான்கிற்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. எகிப்தியரின் பட எழுத்தைப் படிக்க வல்லார் ஒருவரேனும் இன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1822ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் அதற்குத் திறவுகோல் கண்டார். சுமேரியரின் ஆப்பெழுத்தும் அங்ஙனமே மறைந்து, மீண்டும் படித்தறியப்பட்டது. சிந்துவெளி எழுத்தோ இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. சீனரின் எழுத்து ஒன்றே மூவாயிரம் ஆண்டுகளாக அறாத தொடர்புடன் வழங்கி வருகின்றது. உருவம் மாறியதுண்டு, மரபு அறுந்ததில்லை.

இத்தொடர்ச்சி எதனால் வாய்த்தது? அந்நாட்டின் நிலவியல்பு, ஆட்சி முறை, ஆக்கங்கள் ஆகியவற்றை முறையே நோக்கின் விடை புலனாகும். அவ்விடை நம் கடலையும் நம் ஊரையும் எவ்வாறு தொடுகின்றது என்பதையும் இறுதியிற் காண்பாம்.

நிலமும் நீரும்

சீனம் இயற்கையே அரண் செய்த நாடு. மேற்கே திபெத்து மேட்டுநிலமும் இமயத் தொடரும், வடக்கே கோபிப் பாலையும், கிழக்கே பெருங்கடலும் அதனைச் சூழ்ந்துள்ளன. இவ்வரண்களால் அந்நாடு நெடுங்காலம் தன் போக்கில் வளர இயன்றது. ஆயினும் அது முற்றும் அடைபட்டிருந்த நாடன்று. வடமேற்கே பாலைவழியும் தென்கிழக்கே கடல்வழியும் அதன் இரு வாயில்களாய் விளங்கின. பட்டு அவற்றின் வழியே வெளிச்சென்றது. பௌத்தம் அவற்றின் வழியே உட்புகுந்தது.

ஹுவாங்கோ ஏறத்தாழ 5,460 கிலோமீற்றர் நீளமுடையது. வடமேற்கு மேட்டுநிலங்களில் காற்றுக் கொணர்ந்து குவித்த மென்மையான மஞ்சள் மண்ணை அது அரித்துவருகின்றது. அம்மண் உழுதற்கு எளியது, உரம் மிக்கது. ஆதலின் இரும்புக் கலப்பை தோன்றுமுன்னரே அங்குத் தினைப்பயிர் செழித்தது. ஆயின், வாழ்வளித்த அம்மண்ணே துயரும் அளித்தது. வண்டல் படியப் படிய ஆற்றின் அடித்தளம் உயரும். மக்கள் கரையை உயர்த்துவர். மீண்டும் தளம் உயரும். இங்ஙனம் சிலவிடங்களில் ஆறு சூழவுள்ள வயல்களினும் உயர்ந்தே ஓடலாயிற்று. கரை உடையுமாயின் மாவட்டங்கள் முழுவதும் நீரில் ஆழும். 1855ஆம் ஆண்டில் அவ்வாறு தன் போக்கையே மாற்றிச் சாந்துங் தீபகற்பத்தின் தெற்கே கலந்ததை விட்டு வடக்கே சென்று கடலிற் கலந்தது. 'சீனத்தின் துயரம்' என்று அதற்குப் பெயர் வந்தமை வியப்பன்று.

தெற்கே ஓடும் யாங்சி ஆறு ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர் நீளமுடையது. ஆசியாவிலேயே நீண்ட ஆறு அதுவே. அதன் கரைகள் மழை மிக்கவை, நெல் விளைவன. இரண்டு ஆறுகளுக்கும் இடையே நிற்கும் சின்லிங் மலைத்தொடர் வடக்கின் தினை, கோதுமை நிலத்தையும் தெற்கின் நெல் நிலத்தையும் பிரிக்கும் வரம்பாகும்.

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் இடத்தருகே வாழும் நம்மவர்க்கு ஆறு தரும் வண்டலின் பயனும் வெள்ளத்தின் அச்சமும் சொல்லி விளங்கவேண்டியன அல்ல. கந்தளாய்க் குளத்துக் கட்டு ஒரு குடும்பத்தாலோ ஒரு சிற்றூராலோ அமைக்கப்படத்தக்கதன்று என்பதையும் நாம் அறிவோம். பலரைக் கூட்டி, அளந்து, பங்கிட்டு, ஆண்டுதோறும் பழுதுபார்க்க ஓர் ஒழுங்கு வேண்டும். ஹுவாங்கோவின் கரை ஆயிரக்கணக்கான மைல் நீண்டது. அதனைக் காக்க எத்துணைப் பெரிய ஒழுங்கு வேண்டியிருந்திருக்கும்! ஆற்றை அடக்கிய யூ என்பவனே தம் முதல் அரச மரபைத் தோற்றுவித்தான் என்னும் சீனரின் பழங்கதை இவ்வுண்மையை உட்கொண்டது. நீர்ப்பணியும் அரசும் அங்கு உடன்பிறந்தன.

கி. மு. 256 அளவில் லீ பிங் என்னும் ஆளுநர் சிச்சுவான் நாட்டில் அமைத்த தூசியாங்யன் நீர்ப்பணி இதற்குத் தக்க சான்று. அவர் ஆற்றைக் குறுக்கே அடைத்தாரல்லர். நடுவே மீன்முகம் போன்ற கரை ஒன்றிட்டு நீரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கு பழைய வழியே சென்றது. மறுபங்கு மலையைக் குடைந்த வாயிலால் வயல்களுக்குப் பாய்ந்தது. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வமைப்பு இன்றும் நிலத்துக்கு நீரூட்டுகின்றது.

ஆட்சி முறை

சீன அரச மரபுகளுள் ஐயத்துக்கு இடமின்றிச் சான்று கிடைப்பது சாங் மரபிலிருந்தேயாகும். 1899ஆம் ஆண்டில் மருந்துக்கடைகளில் 'நாகவெலும்பு' என விற்கப்பட்ட பழைய எலும்புகளில் எழுத்து இருத்தலை அறிஞர் கண்டனர். 1928 முதல் ஆன்யாங் என்னும் இடத்தில் நிகழ்ந்த அகழ்வுகள் அவை சாங் அரசர் குறிகேட்ட எலும்புகளும் ஆமையோடுகளும் என்பதை நிறுவின. மழை வருமா, விளைவு நன்றாகுமா, போர் தொடுக்கலாமா என்று கேட்ட வினாக்கள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றிற் பின்பு நிகழ்ந்ததும் குறிக்கப்பட்டுள்ளது. அவற்றுட் பழையவை கி. மு. 1200 அளவின. சீன அரசின் மிகப் பழைய எழுத்துக்களே ஒருவகைப் பதிவேடாய் இருத்தலை ஈண்டு மனங்கொள்க.

கி. மு. பதினோராம் நூற்றாண்டிற் சாங் மரபை வென்ற சௌ மரபினர் ஒரு புதிய கொள்கையை நாட்டினர். அரசன் ஆள்வது வானத்தின் ஆணையால். அவன் அறம் பிழைப்பின் வானம் தன் ஆணையை மீட்டுக்கொள்ளும். அப்போது அவனை நீக்குதல் குற்றமன்று என்பதே அது. அறம் திறம்பிய அரசு நில்லாது என்பது நம் புலவரும் வற்புறுத்திய பொருளே. ஆயின், சீனத்தில் அது அரச மரபுகள் மாறுதற்குரிய விதியாகவே கொள்ளப்பட்டது.

சௌ மரபு தளர்ந்து நாடு பல துண்டங்களாய்ப் பொருத காலத்திலேயே பேரறிஞர் பலர் தோன்றினர். கி. மு. 551 முதல் 479 வரை வாழ்ந்த கன்பூசியசு அவருள் முதல்வர். தந்தை தந்தையாகவும் மகன் மகனாகவும், அரசன் அரசனாகவும் நிற்பின் நாடு தானே செம்மையுறும் என்பது அவர் கோட்பாடு. அவர் ஓர் ஆசிரியர். எளிய காணிக்கையுடன் வந்தவரையும் மாணவராய் ஏற்றவர். பிறப்பினும் கல்வியே உயர்வு தரும் என்னும் எண்ணத்துக்கு அவர் இட்ட வித்துப் பின்னர்ப் பெருமரமாயிற்று.

கி. மு. 221இற் சின் நாட்டு அரசன் ஏனை நாடுகளை வென்று சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தான். அவனே சின் சீ குவாங் எனப்படும் முதற் பேரரசன். அவன் நாட்டை 36 மாகாணங்களாய் வகுத்தான். எழுத்து, நிறை, அளவை, நாணயம், வண்டியச்சின் அகலம் ஆகியவற்றை ஒரேபடித்தாக்கினான். ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடினும் எழுத்து ஒன்றே என்னும் நிலை அவனால் உறுதிப்பட்டது. இதனாற் கடுந்தொலைவில் உள்ள அதிகாரியும் தலைநகரின் ஆணையைப் படித்தறிய இயன்றது.

ஆயின் அவனுடைய ஆட்சி கொடிது. கி. மு. 213இல் மருத்துவம், உழவு, குறிநூல் போன்றவை ஒழியப் பழைய நூல்களைத் தீயிடுமாறு அவன் ஆணையிட்டான். பழைமையைக் காட்டி நிகழ்காலத்தைக் குறைகூறுவோர் இருத்தலாகாது என்பதே அதன் நோக்கம். அவன் மரபோ அவன் இறந்த சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தது. பூ செங் என்னும் முதியவர் பழைய ஆவண நூலைத் தம் வீட்டுச் சுவரினுள் மறைத்து வைத்திருந்தார் என்றும், அமைதி மீண்டபின் எஞ்சிய பகுதிகளை எடுத்து மாணவர்க்குக் கற்பித்தார் என்றும் சீன வரலாறு கூறும். பேரரசனின் ஆணையை ஒரு கிழவரின் வீட்டுச் சுவர் வென்றது.

பின்வந்த ஹான் மரபினர் கி. மு. 206 முதல் கி. பி. 220 வரை, இடையில் ஒரு சிறு முறிவுடன், ஆண்டனர். சின் மரபின் ஆட்சியமைப்பைக் கைக்கொண்டு கன்பூசியரின் அறத்தை அதனுட் புகுத்தினர். கி. மு. 124இல் வூ தீ மன்னன் 50 மாணவருடன் அரச கல்விக்கழகம் ஒன்றைத் தொடக்கினான். கி. பி. 2ஆம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கில் நாட்டு மக்கள் தொகை 6 கோடியை அணுகியதாகப் பதிவாகியுள்ளது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசு தன் குடிகளை இங்ஙனம் தலையெண்ணி எழுதிவைத்தது எண்ணி வியக்கற்பாலது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சூயி மரபினர் ஏற்படுத்திய தேர்வுமுறை, தாங், சுங் மரபுகளின் காலத்தில் முதிர்ச்சியுற்று 1905 வரை நிலவியது. சுங் காலத்துத் தேர்வில் மாணவனின் பெயர் ஒட்டி மறைக்கப்பட்டது. கையெழுத்தைக் கொண்டு ஆளை அறியாதிருத்தற்பொருட்டு விடைத்தாள் முழுவதும் எழுத்தரால் வேறு தாளிற் படியெடுக்கப்பட்டது. இன்று சுட்டெண் இட்டுத் தேர்வெழுதும் நம் மாணவர் தம் முன்னோடிகளை ஈண்டுக் காணலாம். இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் மகனைப் படிக்கவைக்க வல்ல குடும்பமே அதிற் பயன்பெற்றது. பிற்காலத்தில் நெட்டுருப் போடுதலே கல்வி எனவும் ஆயிற்று. எனினும் வாள்வலியாலன்றிக் கல்வி வலியால் ஆட்சிப் பொறுப்பை அடையலாம் என்னும் நெறி அத்துணைப் பழங்காலத்தில் அத்துணைப் பெரிய நாட்டில் வேறெங்கும் வேரூன்றவில்லை.

வரலாறு எழுதிய வீரர்

சீன அரசவையில் வரலாற்று எழுத்தாளர் என்போர் தனிப் பதவியினர். அரசன் செய்தது நன்றாயினும் தீதாயினும் எழுதிவைத்தல் அவர் கடமை. கி. மு. 548இல் சீ நாட்டு அமைச்சன் சூயி சூ என்பான் தன் அரசனைக் கொல்வித்தான். 'சூயி சூ தன் அரசனைக் கொன்றான்' என்று வரலாற்றாசிரியர் ஏட்டிற் பொறித்தார். அமைச்சன் அவரைக் கொன்றான். அவர் தம்பி பதவியேற்று அதனையே எழுதினார், அவரும் கொல்லப்பட்டார். அடுத்த தம்பியும் அவ்வாறே எழுதி அவ்வாறே மாண்டார். நான்காமவரும் அதையே எழுத, அமைச்சன் கைசோர்ந்து விட்டுவிட்டான். எழுத்தாளர் அனைவரும் மடிந்தனர் எனக் கேள்வியுற்ற மற்றொருவர் தம் ஏட்டைக் கையிலேந்தி அங்கு வந்துகொண்டிருந்தார்; உண்மை பதிவாயிற்று என்று அறிந்தபின்னரே அவர் திரும்பிச் சென்றார்.

ஹான் காலத்துச் சிமா சியன் இம்மரபின் தலைமகன். தோல்வியுற்ற படைத்தலைவன் ஒருவனுக்காகப் பரிந்து பேசியமையால் மன்னன் சினத்துக்கு ஆளாகி, ஆண்மை நீக்கும் கொடுந்தண்டம் பெற்றார். அக்காலத்து மானமுடையோர் அத்தண்டத்தினும் சாவையே விரும்புவர். ஆயின், தந்தை தொடங்கிய வரலாற்றை முடிக்கும்வரை சாகேன் என்று துணிந்து, பழியைத் தாங்கி வாழ்ந்து 130 இயல்கள் கொண்ட பெருநூலை முடித்தார். மன்னரை மட்டுமன்றி வணிகர், மருத்துவர், கொலைத்தொழில் மறவர் ஆகியோரையும் அவர் வரலாற்றில் அமர்த்தினார். ஹான் மரபின் வரலாற்றைப் பான் கூ என்பார் எழுதி முற்றுப்பெறாமலே சிறையில் இறக்க, அவர் தங்கையார் பான் சௌ அதனை நிறைவேற்றினார். கி. பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் ஒரு பெண்மணி அரச வரலாற்றை எழுதி முடித்தமை போற்றத்தக்கது.

ஆக்கங்கள்

சீனர் உலகுக்கு அளித்தவை பல. அவற்றுள் நான்கினை அறிஞர் விதந்து கூறுவர். காகிதம், அச்சு, திசையறிகருவி, வெடிமருந்து என்பன அவை. மூங்கிற் பட்டிகையிலும் பட்டுத்துணியிலும் எழுதிவந்த சீனர், மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கித் தாள் செய்யக் கற்றனர். கி. பி. 105இற் சை லுன் என்னும் அரண்மனை அதிகாரி அம்முறையைச் செம்மைசெய்து மன்னனுக்கு அறிவித்தார். மூங்கில் பொறை மிக்கது. பட்டு விலை மிக்கது. காகிதமோ பொறையும் விலையும் குறைந்தது. பழைய மீன்வலையும் நூலாகலாம் என்னும் செய்தி துறைமுக ஊராராகிய நமக்குத் தனி இன்பம் தருவது.

கி. பி. 868இல் மரப்பலகையிற் செதுக்கி அச்சிட்ட வச்சிரச் சூத்திரச் சுருள் இன்று இலண்டனிற் காக்கப்பட்டுள்ளது. நாள் குறித்த அச்சு நூல்களுள் முழுமையாய்க் கிடைத்தவற்றிற் பழையது அதுவே. 1040களிற் பீ செங் என்னும் எளிய தொழிலாளர் சுட்ட களிமண்ணில் தனித்தனி எழுத்துருக்கள் செய்து கோத்து அச்சிட்டார். செர்மனியிற் கூற்றன்பேர்க்கு அச்சிடுதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு முற்பட்ட செயல் இது. பீ செங்கின் பெயர் எங்ஙனம் நமக்குக் கிடைத்தது? சென் குவா என்னும் அறிஞர் தம் குறிப்பு நூலில் அதனை எழுதிவைத்தமையாலன்றோ? காந்த ஊசி சரியே வடக்கு நோக்காது சற்றே விலகி நிற்கும் என்பதையும் அவரே 1088 அளவிற் குறித்தார். 1119அளவில் எழுதப்பட்ட வேறொரு நூல், கப்பலோட்டிகள் இருண்ட நாளில் அவ்வூசியைப் பார்த்து வழியறிந்தனர் என்று கூறுகின்றது.

வானத்தையும் அவர் எழுதாது விடவில்லை. கி. மு. 240இல் தோன்றிய வால்வெள்ளியை அவர் பதிந்தனர். இன்று ஹேலியின் பெயரால் வழங்குவது அதுவே. 1054ஆம் ஆண்டு பகலிலும் தோன்றிய புதிய விண்மீனைச் சுங் அரசின் வானியலார் நாள் குறித்து எழுதினர். இக்கால வானியலார் நண்டு வடிவ முகிற்படலம் ஒன்றை அவ்விண்மீன் வெடித்த எச்சம் எனத் துணிதற்கு அக்குறிப்பே துணையாயிற்று. எழுதியவர் காரணம் அறியார். ஆயினும் கண்டதைக் கண்டவாறு எழுதினார். தொள்ளாயிரம் ஆண்டு கழிந்து அது பயன்பட்டது.

நம் கடலும் சீனர் ஏடும்

இனி நம் கடற்பக்கம் திரும்புவாம். வாடைக்காற்றிற் பாய்விரித்துத் தென்மேற்கே போந்து, சோளகக் காற்றில் மீளும் வழியைச் சீனக் கடலோடிகளும் நம் கடலோடிகளும் ஒருங்கே அறிந்திருந்தனர். ஆயின், அவ்வழி சென்றுவந்த செய்தியை எழுதிவைத்தவர் பெரும்பாலும் சீனரே.

பான் கூவின் ஹான் வரலாறு, தென்கடல் கடந்து செல்லும் குவாங்சி என்னும் நாட்டையும் அங்குக் கொள்ளப்பட்ட முத்துக்களையும் குறிக்கின்றது. அந்நாடு காஞ்சியே என்று அறிஞர் பலர் கருதுவர். கி. பி. 399இற் சாங்கான் நகரை விட்டுப் புறப்பட்ட பாகியன் என்னும் துறவி, வட இந்தியாவிற் சுற்றி, கடல் கடந்து இலங்கை வந்து அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கினார். அங்கு அபயகிரி விகாரையிற் புத்தர் திருமுன் ஒரு வணிகன் படைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டதும், பிரிந்த நாட்டையும் இழந்த தோழரையும் எண்ணிக் கண்ணீர் உகுத்ததாக அவர் தம் நூலிற் கூறுகின்றார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீனப் பொருள் இலங்கையில் விளங்கியமைக்கு அக்கண்ணீரே சான்றாயிற்று. 640 அளவிற் காஞ்சியை அடைந்த யுவான் சுவாங், இலங்கையிற் பஞ்சமும் அரசியற் குழப்பமும் என்று கேள்வியுற்று இங்கு வராது திரும்பினார். காஞ்சியிலும் இலங்கையிலும் தங்கிய வச்சிரபோதி 720 அளவிற் கடல்வழியே சீனஞ் சேர்ந்தார்.

சோழப் பேரரசின் தூதர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவையை அடைந்தனர் என்பதைச் சுங் வரலாறு கூறுகின்றது. முதற்றூதர் இராசராசன் பெயரால் முத்து முதலிய கையுறைகளுடன் சென்றனர். வழிச்செலவுக்கு மூன்றாண்டுக்கு மேற் சென்றது. நம் திருகோணமலைப் பகுதி சோழராட்சியில் அமைந்திருந்த காலமும் அதுவே. பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை 'இராசராசப் பெரும்பள்ளி' எனப் பெயர்பெற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் அறிவிக்கின்றன.

தமிழ் வணிகர் சீனத்திற் சென்று குடியிருந்தமைக்கும் கல்லே சான்று. பூக்கியன் மாகாணத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. மங்கோலியப் பேரரசன் குப்பிளாய் கானின் நலங்கருதிச் சம்பந்தப் பெருமாள் என்பார் அங்குச் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகின்றது. அதன் இறுதி வரி சீனத்தில் உள்ளது. இதற்கு மறுதலையாக, நாகபட்டினத்துச் செங்கற்கோபுரம் ஒன்றையும் அதிற் சீன எழுத்தில் 1267ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருந்ததையும் வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி பதினான்காம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். நாகபட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என வழங்கிய பழங்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கோபுரம் போயிற்று, ஏடு இருக்கின்றது.

காலி நகரத்துக் கல்

இவை எல்லாவற்றினும் நமக்கு நெருங்கியது, 1911ஆம் ஆண்டிற் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாய்க் கவிழ்ந்து கிடந்த மும்மொழிக் கல்வெட்டாகும். மிங் மரபின் யுங் லோ பேரரசன் ஆணையால் 1409ஆம் ஆண்டு பெப்ரவரி நாளிட்டுச் சீனத்தில் வெட்டப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹோவினால் இலங்கைக்குக் கொணரப்பட்ட கல் அது. அதிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தேவந்துறையில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்குரியது. தெய்வம் மூன்றாயினும் காணிக்கை ஏறத்தாழ ஒன்றே. பொன் 1000, வெள்ளி 5000 என்னும் எண்ணிக்கையும் பட்டும் நறுநெய்யும் பிறவும் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான படித்து வெளியிட்டார். கல் கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது.

இக்கல்லைக் கொண்டு சீனரின் வருகை முழுவதும் அன்பின் வருகையே எனக் கொள்ளல் வேண்டா. அப்பயணத்திலேயே இலங்கையில் அதிகாரஞ் செலுத்திய அழகேசுவரனுடன் செங் ஹோ பொருது, அவனைச் சிறைப்பிடித்து 1411இற் சீனத்துக்குக் கொண்டுசென்றார். ஆயினும் மூன்று சமயத்தார்க்கும் அவரவர் மொழியில் ஒரு கல்லிலே உரைக்கத் துணிந்த அவ்வரசியல் மதி எண்ணத்தக்கது. இலங்கைக் கடற்றுறைகளிற் செய்தி அறிவித்தற்குத் தமிழ் இன்றியமையாதது என்பதை நெடுந்தொலைவிலிருந்த ஒரு பேரரசு அறிந்திருந்தது என்பதும் அதனாற் புலனாகும்.

தேவந்துறைக் கோயில் 1588இற் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. அதற்கு அளித்த காணிக்கைப் பட்டியலோ கல்லில் நிலைத்தது. சீனத்திலும் எல்லா ஏடும் தப்பவில்லை. 1405 முதல் 1433 வரை நிகழ்ந்த செங் ஹோவின் ஏழு கடற்செலவுகள் பற்றிய அரசக் குறிப்புக்கள் பெரும்பாலும் மறைந்தன. கடற்செலவை வெறுத்த பிற்காலத்து அரசவையார் அவற்றைப் பேணவில்லை. அரசு எழுதியதை அரசே அழிக்கவும் கூடும். தப்பியவை உடன்சென்ற மா குவான் போன்றார் தாமே எழுதிய நூல்களும், ஒரு மதகின்மேற் கிடந்த இக்கல்லும் போல்வனவேயாம்.

நாம் செய்யத்தக்கது

இவ்வாற்றான் ஓருண்மை பெறப்படும். ஆறு நாட்டை வளர்க்கும். அரசு அதனைக் காக்கும். ஆனால் அதனை நாளைக்கு நிறுத்துவது ஏடு. சீன நாகரிகம் பல முறை வீழ்ந்தும் எழுந்தமைக்கு அதன் மதில் காரணமன்று. சுவரில் ஒளித்த பூ செங்கும், உயிரைக் கொடுத்த மூன்று உடன்பிறந்தார் மரபும், பழிதாங்கி எழுதிய சிமா சியனும் காரணமாவர்.

நம் ஊரின் நிலை யாது? சுவாமிமலை உச்சியில் ஓங்கியிருந்த கோணேசர் பெருங்கோயில் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. கோட்டை வாயிலில் உள்ள இணைக்கயற் பொறியும் கல்வெட்டுத் துண்டும் இன்று எஞ்சிய சாட்சிகள். 1950இல் நிலத்தடியிலிருந்து திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இற் கடலடியில் தூண்கள் காணப்பட்டன. கல் பேசுதற்கு மண்ணும் கடலும் காலம் பார்த்திருந்தன. ஆயின் அக்கோயிலின் ஒழுங்கும் தொழும்பும் நாம் அறிந்தது 'கோணேசர் கல்வெட்டு' என்னும் நூலை ஒருவர் எழுதியமையாலும், பலர் படியெடுத்துக் காத்தமையாலுமேயாகும். சங்கநூல்களும் அவ்வாறு தப்பியவையே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியிராவிடின் அது எத்துணைக் காலம் கறையான் வாய்க்குத் தப்பியிருக்கும்?

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலும், 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலையிலும் நம் மாவட்டத்து இல்லங்கள் பல தம் உறுதிகளையும் படங்களையும் கடிதங்களையும் இழந்தன. அவற்றோடு ஊர்ப் பெயரின் காரணம், குளத்தின் பங்குமுறை, கடற்றொழிலின் வழக்குச் சொற்கள், கோயில் உரிமைகள் முதலியனவும் மறைந்து வருகின்றன. அவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் உளர். அவர் வாயிலாகவே அவை இனிக் கிடைக்கும்.

ஆதலின் பழைய மாணவ நண்பர்க்கும் இன்று பயிலும் மாணவச் செல்வர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பற்றி ஒரு குறிப்புப் புத்தகம் எழுதுக. கேட்டதைக் கேட்டவாறும் கண்டதைக் கண்டவாறும், சொன்னவர் யார், எந்நாளிற் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுக. புகழ்ச்சியும் வேண்டா, பழிப்பும் வேண்டா. வீட்டிற் பழைய ஏடோ உறுதியோ இருப்பின் படியெடுத்து ஒன்றைக் கல்லூரி நூல்நிலையத்தில் வைக்க. ஓரிடத்தில் தீப்பற்றினும் மற்றோரிடத்தில் எஞ்சும். வெளிநாடுகளில் வாழும் நண்பர் தம் தாய்தந்தையரிடம் இருந்து கேட்டறிந்தவற்றை எழுதி அனுப்புக.

பகல் விண்மீனைக் கண்ட சீன எழுத்தர் அதன் பயனை அறியார். எழுதுதல் தம் கடமை என்பதை மட்டும் அறிந்திருந்தார். நாம் எழுதுவதன் பயனையும் நாம் காணாது போகலாம். காண்பவர் பின்வருவர். அவர்க்கென ஏட்டை எடுப்போமாக.